கேட்காத மாதிரி

ஆசிரியர் குடியிருப்பு, மேல்நிலைப் பள்ளி
16 அக்டோபர் 2005

அன்புள்ள அக்காவுக்கு,

ஷூஹே எழுதுகிறேன். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பஸ்காரரிடம் கொடுத்தனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. தோளில் பிடிக்கிறது. நான் இன்னும் பள்ளிக்கூடத்துப் பெண் என்றுதான் உனக்கு நினைப்பு.

உன் மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். வென்சின் நன்றாகச் சாப்பிடுகிறாள். மிளகாய் போட்டு அவித்த மீன் தலை என்றால் எனக்கு எலும்பைத்தான் மிச்சம் வைக்கிறாள். நீங்கள் இருவரும் டோங்குவானில் பொம்மைக் கம்பெனியே கதி என்று கிடக்கிறீர்கள். அவளோ ஒருநாளும் உங்களைக் குறை சொல்வதில்லை. அதுதான் எனக்குச் சில சமயம் கஷ்டமாக இருக்கிறது.

இது கடைசி வருஷம், ஜூனில் கல்லூரி நுழைவுத் தேர்வு என்பதால் பள்ளிக்கூடமே பைத்தியம் பிடித்து அலைகிறது. விடிந்தும் விடியாமலும் ஒலிபெருக்கி கொரகொரவென்று இழுத்து இழுத்து ஆங்கிலம் பேச ஆரம்பித்துவிடும். மைதானத்தில் ஓடும்போது ஆங்கிலம், சோற்றுத் தட்டோடு வரிசையில் நிற்கும்போது ஆங்கிலம், கழிப்பறை வாசலில்கூட. யாரோ ஒருவன் பஸ்ஸைத் தவறவிடுகிறான், யாரோ ஒருத்தி குடை கொடுக்கிறாள், உடனே 'அவன் எங்கே போகிறான்?' என்று ஒரு கேள்வி. ஆங்கிலம் சொல்லித் தரும் எனக்கே குமட்டுகிறது. அந்தக் கேசட்டில் வரும் மனிதர்கள் யாரும் அழுவதில்லை, பொய் சொல்வதில்லை, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுவதும் இல்லை.

வென்சினுக்கு வாசிப்பு அருமையாக வருகிறது. எவ்வளவு நீளப் பத்தி கொடுத்தாலும் உள்ளே புகுந்து விடையோடு வெளியே வந்துவிடுவாள். கேசட் ஓடினால் மட்டும் முகம் செத்துப்போகிறது. "எல்லா வார்த்தையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஓடுது சித்தி. ஒண்ணைப் புடிக்கிறதுக்குள்ள மத்ததெல்லாம் தெருமுனைக்குப் போயிடுது" என்கிறாள். பழக்கம்தான், வந்துவிடும்.

இன்னொருத்தியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மா சியூயே என்று ஒரு பெண். சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய்விட்டன. முதல் பெஞ்சில் உட்கார்ந்து என் உதட்டைப் பார்த்தே பாடம் படிக்கிறாள். கேசட்டுக்கு உதடு கிடையாதே. எல்லாக் கேள்விக்கும் நடு விடையைக் குறித்துவிட்டு, மற்றவர்கள் பேனாவைக் கீழே வைக்கும்போது தானும் வைக்கிறாள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு. ஆங்கிலப் பரீட்சையில் கேசட் கேட்கும் பகுதியை எழுத வேண்டாம். மீதியில் எடுத்த மதிப்பெண்ணை வைத்து விகிதப்படி ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் அவள் அப்பா மறுக்கிறார். "செவிடுன்னு சர்க்கார் முத்திரை குத்திட்டா நாளைக்கு இவளை யாரும்மா கட்டிக்குவான்?" என்று என்னிடமே கேட்டார். விடமாட்டேன். மறுபடியும் பேசிப் பார்க்கப் போகிறேன்.

குளிர் வருவதற்குள் முழங்கால் வலிக்குத் தைலம் போட்டுக்கொள். அத்தானிடம் சொல், சிகரெட்டைக் குறைக்கட்டும்.

உன் அன்புத் தங்கை,
ஷூஹே

*

டோங்குவான்
20 நவம்பர் 2005

என் செல்லத் தங்கைக்கு,

குய்ஃபாங் எழுதுவது. உன் கடிதம் வந்த அன்று உன் அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். சிகரெட் பற்றி எழுதிய இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார், சிகரெட் பிடிக்கத்தான்.

நீ இல்லையென்றால் என் பிள்ளை என்ன ஆகியிருக்கும் என்று தினமும் நினைக்கிறேன். இங்கே பொம்மைக்குக் கண் ஒட்டும் வரிசைக்கு என்னை மேற்பார்வை போட்டிருக்கிறார்கள். தூங்கினால் கனவிலும் கண்கள். வென்சின் இந்த வரிசையில் வந்து நிற்கக் கூடாது. என் உயிர் போனாலும் கூடாது.

அந்தக் காது கேட்காத பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாயே, பாவம். அவளுக்கு விலக்கு யார் தருகிறார்கள்? ஆஸ்பத்திரிச் சீட்டு போதுமா? நம் ஊர் ஆஸ்பத்திரிச் சீட்டே செல்லுமா, இல்லை பெரிய ஊரில்தான் வாங்க வேண்டுமா? சும்மாதான் கேட்கிறேன். இங்கே என்னோடு வேலை செய்யும் ஒருத்தியின் மகனுக்கும் காது மந்தம்.

வசந்தத் திருவிழாவுக்கு எப்படியும் வந்துவிடுவோம். புகை போட்ட பன்றி இறைச்சி எனக்கும் ஒரு துண்டு வைத்திரு.

உன் அக்கா,
குய்ஃபாங்

*

ஆசிரியர் குடியிருப்பு
12 ஏப்ரல் 2006

அக்கா,

நலம் விசாரித்து எழுத இப்போது கை வரவில்லை.

போன வாரம் சமையலறையிலிருந்து வென்சினைச் சாப்பிடக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள் அசையவில்லை. பயந்துபோய் ஓடித் தோளைத் தொட்டேன். "கேக்கலையாடி?" என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "கேட்டுச்சு சித்தி. திரும்பாம இருக்கப் பழகுறேன்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள்தான் சொன்னாள். திருவிழாவுக்கு வந்தபோது, காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாயே, அதைச் சொன்னாள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டிய சோதனையில் எப்போது அழுத்தக் கூடாது என்று அந்த டாக்டரே சொல்லிக்கொடுத்தாராம். இந்த வீட்டிலேயே, நான் கடைக்குப் போயிருந்தபோது, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டாயாம். திரும்பினால் தொடையில் கிள்ளினாயாம். சத்தத்துக்குத் திரும்புகிறாளா என்று பார்க்கத் தட்டைக் கீழே போட்டு உடைத்ததும் நீதான், என்னிடம் சொன்ன மாதிரி பூனை இல்லை.

சீ! எழுதும்போதே அருவருப்பாக இருக்கிறது.

இன்று பள்ளி வாசலில் விலக்குப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். சியூயேயின் பெயர் இருக்கிறது. அவள் அப்பாவிடம் எத்தனை முறை பேசி வாங்கிய சம்மதம் அது! அதற்குக் கீழே துணைத் தலைமையாசிரியர் பெங்கின் அக்கா மகன் பெயர். காதில் வயரைச் செருகிக்கொண்டு நாள் முழுவதும் பாட்டுக் கேட்கிற பயல். அவனுக்குக் கீழே மருந்துக் கடைக்காரர் மகள், இன்னும் சிலர். கடைசியில் வென்சின். பையன்கள் பட்டியல் முன்னால் கூடி நின்று ஒருவன் காதில் ஒருவன் "ஆ? என்ன? கேக்கல!" என்று கத்திச் சிரிக்கிறார்கள். சியூயே பக்கத்தில்தான் நின்றாள். அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்து, தானும் கொஞ்சம் சிரித்தாள்.

அக்கா, நான் எழுதிய கடிதத்தை வைத்துத்தானே நீ இதைச் செய்தாய்? உடனே திரும்பப் பெற எழுதிக் கொடு. இல்லையென்றால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

ஷூஹே

*

டோங்குவான்
25 ஏப்ரல் 2006

ஷூஹேவுக்கு,

உன் கடிதத்தை உன் அத்தானிடம் காட்டவில்லை. காட்டினால் பஸ் ஏறி அங்கேயே வந்துவிடுவார்.

அருவருப்பாக இருக்கிறதா? உனக்கு அருவருப்புப்படவாவது நேரம் கிடைக்கிறதே. நம் வீட்டில் ஒருவரைத்தான் படிக்க வைக்க முடியும் என்று அப்பா சொன்னபோது, நான் பை தைத்துக் கொடுத்து உன்னை அனுப்பினேன். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. இன்று சொல்லிக் காட்டுகிறேன்.

நகரத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரன் வந்து எதிரே உட்கார்ந்து பேசிச் சொல்லித் தருகிறான். என் பிள்ளைக்குக் கழிப்பறை வாசல் ஒலிபெருக்கி. அது கொரகொரவென்று இழுக்கிறது என்று நீயேதான் எழுதுகிறாய். அதைக் கேட்டு எழுதினால் நேர்மை, எழுதாமல் தப்பித்தால் அசிங்கமா? படிப்பில் அவள் கெட்டிக்காரி. அவளுக்கு வர வேண்டிய மதிப்பெண்தான் வரும். யார் பையிலிருந்து எடுத்தேன்?

பெங் ஐயா வீட்டுப் பையன் செய்யலாம், நான் செய்யக் கூடாதா? அந்தச் செவிட்டுப் பெண்ணுக்கு விலக்கு கிடைத்துவிட்டது. அவளுக்கு எதுவும் குறையவில்லை. பிறகு உனக்கு என்ன?

வாயை மூடிக்கொண்டு ஜூன் மாதம் வரை இரு. அதற்குப் பிறகு என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. வந்து உன் முன்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன். உன்னைக் கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.

குய்ஃபாங்

*

ஆசிரியர் குடியிருப்பு
28 மே 2006

அக்கா,

நடந்தது உன் காதுக்கு வேறு யார் மூலமாகவும் போகக் கூடாது. நானே எழுதுகிறேன்.

முதலில் பெங்கைப் போய்ப் பார்த்தேன். தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "உங்களுக்கு ஏம்மா இந்த வேலை? பட்டியல்ல உங்க வீட்டுப் பிள்ளையும்தானே இருக்கு. எல்லாரும் ஒரே படகு. ஆட்டாதீங்க" என்றார். அவர் சிரித்ததைப் பார்த்தபோது, நானும் அவரும் ஒரே தட்டில் சாப்பிட்டது போல இருந்தது. அந்தத் தேநீரைக் குடித்துவிட்டேன் என்பதுகூட எனக்குத் தாங்கவில்லை. வெளியே வந்து வாய் கொப்பளித்தேன்.

அன்றே மாகாணத் தேர்வு அலுவலகத்துக்கு எழுதினேன். எல்லாப் பெயரையும் எழுதினேன். வென்சின் பெயரையும். மோசடி என்று தெரிந்தால் இந்த வருஷம் பரீட்சையே எழுத விடமாட்டார்கள் என்று தெரிந்துதான் எழுதினேன். எழுதிவிட்டு அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அரிசியைக் கழுவி வைப்பாள், தட்டைக் கழுவி வைப்பாள், பேச மாட்டாள்.

நான் யோசிக்காத ஒன்றும் நடந்தது. நம் ஊர் ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவுமே செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். சியூயே சீட்டும்தான் செல்லாது. எல்லோரும் சாங்ஷா போய் மறுசோதனை செய்துகொள்ள வேண்டும். தலையில் கம்பிகளை ஒட்டி எடுக்கும் சோதனை, அதில் நடிக்க முடியாது. பெங் மற்ற வீடுகளுக்கெல்லாம் தகவல் சொன்னார். சியூயே வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. அவள் அப்பா வாசலில் வந்து நின்று என்னைக் கேட்டார்: "வேண்டாம் வேண்டாம்னேன், நீங்கதான் முத்திரை குத்த வச்சீங்க. இப்ப திருடின்னு வேற சொல்றாங்க. என் பொண்ணு உங்களுக்கு என்னம்மா பண்ணுச்சு?" உன் மேல் இருந்த அருவருப்பில் ஒரு பங்கு என் மேலும் வந்து ஒட்டிக்கொண்டது.

சியூயேயை நானே கூட்டிப்போனேன். பஸ் ஏறும்போது வென்சின் பையோடு வந்து நின்றாள். "நானும் வரேன் சித்தி. என் பேரும்தானே இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

சாங்ஷா ஆஸ்பத்திரி சந்தை மாதிரி. ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுகிறார்கள். உதடு தெரியாத குரல். ஒருமுறை கூப்பிட்டு வராவிட்டால் அடுத்த ஆள். சியூயே சுற்றி இருந்தவர்களின் உதடுகளையெல்லாம் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விண்ணப்பத்துக்கு முத்திரை வாங்கப் போயிருந்தபோது, அந்த இரைச்சலிலும் சியூயேயின் பெயரை வென்சின் பிடித்து அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு உள்ளே ஓடியிருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது பெஞ்ச் காலி.

சியூயேக்கு உண்மையாகவே கேட்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவள் விலக்கு நிலைத்தது.

பிறகு வென்சின் தானாக மேஜைக்குப் போனாள். நான் அவள் பின்னால்தான் நின்றேன். "எனக்குக் காது நல்லா கேக்கும். என் பேரை அடிச்சிடுங்க" என்றாள். எழுதிக்கொண்டிருந்த அம்மாள் நிமிரவில்லை. "என்ன சொன்ன?" என்றாள். வரிசை முழுவதும் கேட்க வென்சின் மறுபடி சொன்னாள். அந்த அம்மாள் இப்போது நிமிர்ந்து பார்த்து, "காலையிலேருந்து நீ ஒருத்திதான் கேக்குதுன்னு சொல்ற" என்றாள். எச்சரிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். பரீட்சை எழுதலாம். எல்லோரையும் போலக் கேசட்டைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

பெங்கின் அக்கா மகனைப் பரீட்சையிலிருந்தே நீக்கிவிட்டார்கள். என்னைக் கடைசி வருஷ வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. பெங் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டேதான் வணக்கம் சொல்கிறார்.

பரீட்சைக்கு இன்னும் சில நாள்தான். அவளைத் திட்டாதே, அக்கா. திட்ட வேண்டியிருந்தால் என்னைத் திட்டு. ஒரு வரியாவது எழுது.

உன் தங்கை,
ஷூஹே

*

டோங்குவான்
9 ஜூலை 2006

ஷூஹேவுக்கு,

மதிப்பெண் வந்துவிட்டது. உனக்கும் தெரிந்திருக்கும். வாசிப்பில் ஏறக்குறைய முழுசாக வாங்கியிருக்கிறாள். கேட்கும் பகுதியில் பாதிகூட இல்லை. முதல் தரக் கல்லூரி வரம்புக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. எவ்வளவு கீழே என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த எண்ணை நீ ஆயுசுக்கும் சுமப்பாய். அதை மட்டும் உனக்குச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

இரண்டாம் தரத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. போகிறாள். உன் செவிட்டுப் பெண்ணுக்கு நல்ல இடம் கிடைத்துவிட்டதாம். வென்சின்தான் போன் பண்ணிச் சொன்னாள். தன்னுடையதைச் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் சொன்னாள், சந்தோஷமாகச் சொன்னாள். என்னால் தாங்க முடியாதது அதுதான்.

உனக்கு என்னைப் பார்த்தால் அருவருப்பு. எனக்கு உன்னைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. சொந்த அக்கா மகள் பெயரை, பேனாவை அழுத்திப் பிடித்து, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருப்பாய். அந்தக் கைக்குத்தான் நான் பை தைத்துக் கொடுத்தேன். நீ செய்தது சரி என்று உன் அத்தான் சொல்கிறார். சரியாக இருக்கட்டும். சரியாக இருப்பவர்கள் தனியாக இருந்துகொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை உன் அத்தானின் தம்பி வந்து அவள் பெட்டியை எடுத்துக்கொள்வான். போர்வையை நீயே வைத்துக்கொள். திருவிழாவுக்கு இனி நாங்கள் அந்தப் பக்கம் வர மாட்டோம்.

சிங்மிங் அன்று கல்லறையைச் சுத்தம் செய்ய அம்மாவிடம் மட்டும் வருவேன். வராமல் இருக்க முடியாது. நீ காலையில் போய்விட்டு வந்துவிடு. நான் மதியத்துக்கு மேல் மலை ஏறுகிறேன். களையெல்லாம் நீயே பிடுங்கிவிடாதே, கொஞ்சம் எனக்கு விட்டு வை. மேலே கடைசி வளைவில் கல்லெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கும். மழை பெய்தால் தனியாக ஏறாதே, யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

குய்ஃபாங்