ஏழாம் கிணற்றின் மூன்று கட்டங்கள்

அக்கா,

இன்று கணக்கு டீச்சர் கரும்பலகையைத் துடைத்தபோது நீல சாக்பீஸ் தூள் என் பெஞ்சு வரைக்கும் பறந்து வந்தது. எல்லோரும் தும்மினார்கள். எனக்குப் பெருநகர் கிராமத்து வயல் நடுவே இருக்கும் அந்தக் கிணற்று மேடு கண்முன் வந்து நின்றது.

அளவு நாடாவின் நுனியில் நீ நீல சாக்பீஸைத் தேய்ப்பாய். நான் இரும்புக் குண்டைக் கட்டி உள்ளே இறக்குவேன். மேலே இழுத்ததும், சாக்பீஸ் எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்து, தண்ணீர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்று கணக்கிடுவாய். உன் பிஎச்.டி.க்காகப் பன்னிரண்டு கிணறுகள். மாதத்தின் முதல் ஞாயிறு, பெருநகரிலிருந்து சாலவாக்கம் வரை ஸ்கூட்டியில் நாம் இருவரும்.

ஏழாம் கிணற்றுக்காரர் நம்மைக் கண்டாலே ஆரம்பித்துவிடுவார். "இன்னாம்மா, எங்க கெணத்துக்கு ஜொரமா? மாசா மாசம் வந்து டெம்பரேச்சர் பாக்கறீங்க!"

"ஜொரம் இல்லண்ணா, கொஞ்சம் டல்லா கீது. மோட்டாரை நிறுத்தாம ஓட்டிக்கினு இருந்தா அது இன்னா பண்ணும்?" என்பாய்.

பிறகு அண்ணன் தம்பிச் சண்டையில் அந்தக் கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடியும் பூட்டும் வந்தன. "சாவி தம்பிகிட்ட கீது. அவங்கிட்ட நான் பேசறதில்ல" என்றார் அவர். தம்பி வீட்டுக்குப் போனோம். "அவரே வந்து கேக்கட்டும், தர்றேன்" என்றார் தம்பி. மூன்று மாதம் இப்படியே போயிற்று.

மூன்றாவது முறை வெயில் தாங்காமல் நான் சொன்னேன்: "போன அளவையே கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கோக்கா. யாரு வந்து பாக்கப் போறா?" நீ திட்டவில்லை. நோட்டை என் பக்கம் தள்ளினாய். "நீயே போடு. பக்கத்துல உன் கையெழுத்தையும் போடு." நான் போடவில்லை. நோட்டைத் திரும்ப வாங்கி, முன் இரண்டு மாதம் எழுதியதைப் போலவே, கட்டத்துக்குள் எழுதினாய்: பூட்டு. பார்க்கவில்லை.

கம்ப்யூட்டரிடம் உதவி கேட்பதை நீ தப்பென்று நினைத்ததே இல்லை. தமிழ் வழியில் படித்தவள். அந்த அளவுகளை வைத்து எழுதிய கட்டுரையின் ஆங்கிலத்தைத் திருத்தித் தரச்சொல்லி ஏஐயிடம் ஒவ்வொரு பத்தியாகக் கொடுப்பாய். வந்ததை வரிவரியாக உரக்கப் படிப்பாய். ஒருநாள், நீர்மட்டம் இறங்கியது என்று நீ எழுதியதை அது, பெரிய மாற்றமில்லை என்று மாற்றி வைத்திருந்தது. "பாரேன், என்னைக் கேக்காமலே தண்ணிய ஏத்தி வச்சிக்கினு கீது!" என்று சிரித்தாய். கட்டுரையின் கடைசியில் ஒரு வரி சேர்த்தாய். மொழியைத் திருத்த மட்டும் ஏஐயைப் பயன்படுத்தினேன், அளவுகள் யாவும் கிணற்றடியில் எடுத்தவை என்று. இதையெல்லாம் யாராவது சொல்வார்களா என்று கேட்டேன். "மறைக்கறதுக்கு நான் இன்னா திருடியா?" என்றாய்.

அந்தக் கட்டுரையை அனுப்பும் முன்பே காய்ச்சல் வந்து, ஒன்பதே நாளில் நீ போய்விட்டாய்.

ஆறு மாதம் கழித்து, உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடு அதை ஓர் ஆய்விதழில் வெளியிட்டு நமக்கு ஒரு பிரதி அனுப்பினார். ஆசிரியர்களில் முதல் பெயர் உன்னுடையது, அடுத்தது அவருடையது. ரைஸ்மில்லுக்கு லீவு போட்டு, நைனா முதல் பக்கத்துக்குச் சட்டம் போட்டு உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். நான் உள்பக்கங்களைப் புரட்டினேன். ஏழாம் கிணற்றின் மூன்று கட்டங்களிலும் எண்கள் இருந்தன, அக்கா. நம் நாடாவால் பார்க்கவே முடியாத நுணுக்கத்தில், புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம். கடைசியில் உன் அந்த வரி, ஓர் எழுத்து மாறாமல்.

உன் கைடுக்குப் போன் செய்தேன்.

"காலியா விட்டா திருப்பி அனுப்பிடுவாங்க பாப்பா. ஏஐகிட்ட குடுத்தேன், மத்த மாசத்தைப் பாத்து அதுவே போட்டுடுச்சு. எல்லாரும் பண்றதுதான்."

"அக்கா எழுதின வரிய மட்டும் அப்படியே விட்டிருக்கீங்களே சார்?"

"உங்க அக்கா பேரை முதல்ல போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று போனை வைத்துவிட்டார்.

உன் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஆய்விதழுக்கு அனுப்பினேன். முதல் ஆசிரியரே விளக்கம் தர வேண்டும் என்று பதில் வந்தது. அவர் இறந்துவிட்டார் என்று எழுதினேன். இரண்டு மாதம் கழித்துக் கட்டுரையை நீக்கினார்கள். நீக்கியதற்கான குறிப்பில், முதல் ஆசிரியர் சேகரித்த அளவுகள் நம்பத்தக்கவையாக இல்லை என்று இருக்கிறது. கைடின் பெயர் அதில் எங்கும் இல்லை. குறிப்பைத் திருத்தச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன். பதில் இல்லை.

நைனாவுக்குப் படித்துச் சொன்னேன். "செத்தவளா வந்து பதில் சொல்வா? நீ ஏம்மா எழுதின?" என்றார். சட்டத்தைக் கழற்றிப் பீரோவின் மேல் கவிழ்த்து வைத்தார். இப்போது உன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி மட்டும் இருக்கிறது.

போன ஞாயிறு நாடாவையும் உன் நோட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஏழாம் கிணற்றுக்குப் போனேன். பூட்டு இல்லை, அண்ணனும் தம்பியும் ராசியாகிவிட்டார்களாம். "டாக்டரம்மா எங்கம்மா? ரொம்ப நாளா ஆளயே காணோம்" என்றார் பெரியவர். சொன்னேன். தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நாடாவின் மறுமுனையைப் பிடித்தார்.

நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, அன்றைய தேதி போட்டு, அளவை எழுதினேன். பக்கத்தில் என் கையெழுத்தையும் போட்டேன். அந்த மூன்று கட்டங்களில் நீ எழுதியது அப்படியே இருக்கிறது. நீ பொய் சொல்லவில்லை என்பதற்கு இந்த ஊரில் மிச்சமிருப்பது அவ்வளவுதான். அந்த நோட்டைத் தினமும் என் பள்ளிக்கூடப் பையில் சுமந்துகொண்டு போகிறேன்.