நிறுத்தி வைத்த ஆட்டம்

என்னங்க,

தோல்வியைத் தாங்கும் பக்குவத்தை மனித குலத்துக்குக் கற்றுத்தந்ததே குதித்துக் குதித்து ஓடும் அந்தப் பழைய ஜப்பான் கேம்தான் என்று நேற்றும் பிரசங்கம் செய்தீர்கள். அடுத்த நிமிடம் குட்டி ஆள் குழியில் விழுந்ததும் கண்ட்ரோலரை என் துணிக்கூடையில் எறிந்தீர்கள். "இந்தப் பெட்டியை வித்துத் தொலைங்க லா" என்று நான் கத்தியது அதற்குத்தான்.

சோறு குக்கரில், மீன் கறி அடுப்பில். போர்ட் கிள்ளானில் எனக்கு இன்றும் ஓவர்டைம். கால் இப்போதே வலிக்கிறது.

சாயங்காலம் கேம் பெட்டியை வாங்க, நீங்கள் வரச்சொன்ன ஹாசிம் வருவார். தேத்தண்ணி கொடுத்து அனுப்புங்கள். பெட்டியைக் கொடுக்க வேண்டாம்.

உஷா

பி.கு: டிவியையும் கேம் பெட்டியையும் அணைக்காதீர்கள். காலையில் கண்ட்ரோலரைச் சும்மாதான் தொட்டேன். அதில் சேவ் செய்ய வழியில்லையாமே, அதனால் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். முதல் குழியை இன்னும் தாண்டவில்லை.