மாறி மாறி மினுக்கிய இரண்டு விளக்குகள்

திட்டுவதற்குக்கூட ஆளில்லாமல் என்னை விட்டுப்போன தம்பி சேகருக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. மலர் பிள்ளைகளோடு செட்டிகுளத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். பெரியவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாள். கணக்கில் உன்னை மாதிரியே மந்தம், வாயில் உன்னை மாதிரியே கெட்டி.

உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியில், உன் பம்ப் ஷெட்டுக்கு அந்தப் பெட்டி வந்த புதிதில் உன்னைப் பார்க்க வந்திருந்தேன். குழியில் தேங்கும் தண்ணீரை அளந்து, கம்பியில்லாமல் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் பெட்டி. அதில் செருகியிருந்த வயர்லெஸ் கார்டில் கடுகளவு இரண்டு பச்சை விளக்குகள். ஒன்று அணைய, மற்றது எரிந்தது.

"இதுக்கு என்னக்கா அர்த்தம்?" என்றாய்.

பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவள் தெரியாது என்று சொல்வேனா? "ஒண்ணு கேக்குது, இன்னொண்ணு பதில் சொல்லுது. ஆபீஸோட பேசிக்கிட்டு இருக்குடா" என்றேன்.

"அப்ப இது உன் வூட்டு விளக்கு இல்லக்கா. அங்க மாமாவுக்குப் பேச முறையே வராது."

சிரித்தோம். பெட்டியோடு வந்த ஆங்கிலத் தாளை எடுத்து நீட்டினாய். வெயிலாக இருந்தது. பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

அந்தப் பெட்டி வருவதற்கு முன்னால், மணிக்கொரு தரம் குழியில் இறங்கி, பாறையில் பெயிண்ட் அடித்த அளவுக்கோட்டைப் பார்த்துவிட்டு வருவாய். வந்தபின் அந்த வழக்கத்தை ஆபீசே நிறுத்தியது. ஐப்பசியில் விடாமல் மழை கொட்டிய அன்று, கம்ப்யூட்டரில் எண் அசையாமல் நிற்கிறதே என்று ஆபீசிலிருந்து உனக்குப் போன் செய்தார்கள். நீ மாறி மாறி எரிந்த விளக்குகளைப் பார்த்துவிட்டு, "நல்லா பேசிக்கிட்டு இருக்குங்க சார்" என்றாய். தண்ணீர் ஏறவில்லை என்று எல்லோரும் நம்பினார்கள். மாலைக்குள் இரண்டு பம்பும், கல் வெட்டும் மெஷினும் மூழ்கிவிட்டன. உயிர்ச்சேதம் இல்லை. 'சேகரின் கவனக்குறைவு' என்று ஃபைலில் எழுதி, உன்னை லாரிக்குக் கல் ஏற்றும் இடத்துக்கு மாற்றினார்கள். மாசியில் அங்கேதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய்.

போன ஆனியில் என் சென்டருக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். அதிலும் அதே மாதிரிக் கார்டு. இந்த முறை தாளைப் பிரித்துப் படித்தேன். இரண்டு விளக்கும் மாறி மாறி எரிந்தால் இன்னும் இணைப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது, சேர்ந்து எரிந்தால்தான் கிடைத்துவிட்டது என்று படம் போட்டிருந்தது. கால் வரியில் முடிகிற விஷயம். அன்று வகுப்பை நடுவிலேயே விட்டுவிட்டேன்.

மறுநாள் உன்னோடு வேலை பார்த்த பழனியைத் தேடிப் போனேன். விசாரணையில் அதிகாரி அந்தத் தாளை உன் முன்னால் போட்டு, யார் உனக்குத் தப்பாகச் சொன்னது என்று கேட்டாராம். "யாரும் சொல்லலைங்க சார். நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்" என்றாயாம்.

அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருக்கிறது. அதன் பிறகும் தீபாவளிக்கு வந்தாய், இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். ஒரு வார்த்தை கேட்கவில்லையே, ஏன்டா? கேட்டால் நான் உடைந்துபோவேன் என்றா? இல்லை, மறுத்துவிடுவேன் என்று பயந்தாயா?

உன் வேலைக்குப் பதிலாக மலருக்குக் குவாரி கேன்டீனில் ஒரு வேலை கேட்டிருக்கிறோம். அந்த ஃபைலைக் காட்டியே தள்ளிப்போடுகிறார்கள். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு அப்படி அசால்ட்டா இருக்குற ஆளா அண்ணி?" என்று கேட்டாள். பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பவே பத்து நிமிடம் ஆனது. ஜன்னலோரம் அவள் முகம், கீழே நான்.

ஆனியிலிருந்து நான்கு மாதம் இதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள், அந்தப் பெயர் போய்விடுமே என்றுதான். உனக்கும்தான் பெயர் இருந்தது.

நேற்று மலரிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அரியலூர் போகிறேன். சொன்னது நான், படிக்காமல் சொன்னதும் நான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். அவர்கள் ஃபைலைத் திருத்துவார்களா, தெரியாது. திருத்தும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் போவேன். மலர் கூட வந்தாலும், வராவிட்டாலும்.

நீ காட்டிக்கொடுக்காத உன் அக்கா,
சாந்தி