உறுதிப்படுத்தப்படாத பதவி

2024 ஜனவரி 16, செவ்வாய்

இரண்டாம் வருட விடைத்தாள்களில் நாற்பதாவதைத் திருத்திக்கொண்டிருந்தபோது துறைத் தலைவர் ஸமட் சேர் அழைத்தார். புவியியல் துறையில் எட்டு வருடமாகத் தகுதிகாண் விரிவுரையாளர் நான். அந்த எட்டு வருடத்துக்குள் கலாநிதிப் பட்டம் முடித்தால்தான் பதவி உறுதியாகும். ஏழு அத்தியாயத்தில் ஐந்துதான் எழுதியிருக்கிறேன். மேற்பார்வையாளர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கிறார். கால நீடிப்புக்கு எழுதியிருந்தேன்.

"பேரவை மறுத்திட்டு மிஸ். மார்ச் முப்பத்தொண்டோட உங்கட வேலை முடியுது. நான் உங்களுக்காகத்தான் கதைச்ச," என்றார்.

திரும்பி வந்து மீதி விடைத்தாள்களையும் திருத்தினேன். ஏன் திருத்தினேன்?

ஜனவரி 17

கணவர் இன்ஸாபிடம் சொல்லிவிட்டேன். உம்மாவிடம் சொல்லவில்லை.

பெப்ரவரி 4, ஞாயிறு

வெற்றிடங்கள் தேடினேன். வவுனியாவில் ஒன்று. கொழும்பில் தனியார் நிறுவனம் ஒன்று. மாலைதீவில் ஒன்று. பக்கத்தில் என் பாடத்துக்கு எதுவுமில்லை.

இது எனக்குச் சீதனமாக வந்த வீடு. ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்து இன்ஸாப்தான் இங்கே வந்தார். உம்மாவும் எங்களோடுதான். போன வருடம் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததிலிருந்து அவவைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும். நான் ஒரே பிள்ளை. கல்முனையை விட்டு எப்படிப் போவது?

இருந்தாலும் மூன்றுக்கும் விண்ணப்பித்தேன்.

பெப்ரவரி 20, செவ்வாய்

சிபாரிசுக் கடிதம் கேட்டு ஸமட் சேரிடம் போனேன்.

"தரலாம். உங்கட இறக்காமம் தரவெல்லாத்தையும் துறையில வச்சிட்டுப் போங்க. றுக்ஸானா அதைக் கொண்டு ஆய்வு செய்வா. கடிதத்தையும் அதோட வாங்கிக்கொள்ளலாம்."

றுக்ஸானா என் மாணவி. நல்ல பிள்ளை. என் இடத்துக்கு அவளைத்தான் எடுக்கப் போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

இறக்காமம் பக்கம் யானை வயலுக்குள் வரும் கிராமங்களில் ஆறு வருடம் அலைந்து எழுதிய பத்தொன்பது கொப்பிகள். யார் எவ்வளவு நெல் இழந்தார், யார் என்ன செய்தார் — பெயரோடு. வரம்பில் கரண்ட் கம்பி இழுத்தவர்களும் அதில் இருக்கிறார்கள். அது பொலிஸ் பிடித்தால் மறியலில் அடைக்கிற குற்றம். பெயர் வெளியே வராது என்று ஒவ்வொரு வீட்டிலும் வாக்குக் கொடுத்துத்தான் கேட்டேன்.

பெயர்களை அழித்துவிட்டுத் தரலாமா என்றேன். "பெயரில்லாம எப்படித் திரும்பப் போய்க் கேக்கிற?" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். எதை யோசிக்க?

மார்ச் 3, ஞாயிறு

இன்ஸாப் மோட்டார் சைக்கிளில் இறக்காமத்துக்குக் கூட்டிப்போனார். கொப்பியில் உள்ள சுபைறாத்தாவைப் பார்த்தேன். அவட புருசன் தான் இழுத்த கம்பியில் தானே பட்டு மௌத்தானவர். யானை அடித்தது என்றுதான் ஊருக்குச் சொல்லியிருக்கிறார்கள். உண்மை அவட வீட்டாருக்கும் எனக்கும்தான் தெரியும்.

நான் ஒன்றும் சொல்லாமலே கேட்டா: "மகள், நீங்க எழுதினது உங்களுக்கிட்டத்தானே இரிக்கி?"

"ஓம்."

"மகனுக்குப் பொண் பேசிரிக்கம். அதான் கேட்ட."

வரும் வழியில் இன்ஸாப், "கடிதமில்லாம நேர்முகத்துக்குப் போ," என்றார்.

மார்ச் 19, செவ்வாய்

சஹர் சாப்பாடு முடிந்ததும் பஸ் ஏறி வவுனியாவுக்கு நேர்முகம். நோன்போடு நாவு ஒட்டிக்கொண்டது. எதிரே ஐந்து பேர். நான்கு நிமிடம் ஆய்வைப் பற்றி. பிறகு கண்ணாடி போட்ட அம்மா, "உங்கட துறைத் தலைவர் ஏன் ஒண்டும் எழுதேல்லை?" என்றா.

உண்மையைச் சொல்லப் போனால் கொப்பியில் என்ன இருக்கிறதென்று கேட்பார்கள். "தெரியாது மெடம்," என்றேன். அவ பேனையை மூடினா.

தெரியாதாம். எட்டு வருசம் படிப்பிச்சவள் சொல்ற பதிலா இது?

மார்ச் 28

வவுனியா இல்லை. கொழும்பு பதிலே போடவில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

என் அறைக் கதவின் திறப்பை ஒப்படைத்தேன். கொப்பிகளை அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டினேன். ஸமட் சேர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

றுக்ஸானா வாசலில் அழுதுகொண்டு நின்றாள். "மிஸ், நான் இதைக் கேக்கல்ல."

"தெரியும் புள்ள. நீ படிப்பி."

மே 6

உம்மாவுக்குப் பாதிப் பேச்சுத்தான் வரும். "கம்பஸ்... லீவா?" என்று கேட்டா. ஓம் என்றேன். நேற்றும் கேட்டா. நேற்றும் ஓம் என்றேன்.

ஜூன் 20, வியாழன்

மாலைதீவு கிடைத்துவிட்டது. கணினியில் அரை மணி நேரம் கதைத்தார்கள், கடிதமே கேட்கவில்லை. ஓகஸ்ட் முதலாம் திகதி வரட்டுமாம். விரிவுரையாளர், நிரந்தரம். மின்னஞ்சலை இரண்டு தரம் வாசித்தேன்.

இன்ஸாப் உடனே சொன்னார்: "நீ போ. உம்மாவ நான் பார்ப்பன். குளிப்பாட்ட ஒரு ஆளப் பிடிப்பம்."

ஜூன் 24

குளிப்பாட்ட வந்த பெண்ணை உம்மா தொட விடவில்லை. ஒரு கையால் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டா. மருமகன் முன்னால் அழுதா. மூன்று நாள் குளிக்காமல் கிடந்தா.

இன்று நான்தான் ஊற்றினேன். தலை துவட்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்தா. "லீவு இல்ல... என்ன?" என்றா.

எவ்வளவு நாளாத் தெரியும் உம்மா உங்களுக்கு? கேட்கவில்லை. "இல்ல," என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 27

மாலைதீவுக்கு வரமுடியாது என்று எழுதினேன். அனுப்பின பிறகு இன்ஸாபுக்குச் சொன்னேன். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார். அவருக்குக் கோபம் என்மேலா, எதன்மேல்?

எனக்கு உம்மாமேல் கோபம் வருது. அதை எழுதிப்போட்டன். இருக்கட்டும், அழிக்க மாட்டன்.

ஜூலை 22, திங்கள்

றுக்ஸானா தொலைபேசியில். "மிஸ், மூணாம் வருசப் பாடம், நீங்க எழுதின பாடத்திட்டம். என்னால ஏலாது, படிப்பிக்க வேற ஆள் இல்ல. வருகை விரிவுரையாளரா வருவீங்களா எண்டு சேர் கேக்கச் சொன்னார். கிழமைக்கு ரெண்டு மணித்தியாலம்."

"அவருக்குக் கேக்க வாய் இல்லையா?"

பாவம், கோபத்தை அவளிடம் ஏன் காட்டினேன்.

"தரவைப் பத்திக் கதைச்சா அண்டைக்கே நிப்பாட்டுவன். இதைச் சேருக்குச் சொல்லு," என்றேன். சொல்கிறேன் என்றாள். மறுக்க வாய் வரவில்லை எனக்கு. வேறெங்கும் போகவும் முடியாது.

ஓகஸ்ட் 12, திங்கள்

காலையில் உம்மாவைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, பத்து மணிக்குப் போனேன். கேற்றில் காவலாளி சாமித்தம்பி அண்ணன். எட்டு வருடம் எனக்குக் கை உயர்த்தி வணக்கம் சொன்னவர். இன்று எழுந்து நின்று வெளியாட்கள் பெயர் பதியும் புத்தகத்தை நீட்டினார்.

"மிஸ், அடையாள அட்டை இல்லாட்டி இதில எழுதத்தான் வேணும். நான் என்ன செய்ய."

"பரவாயில்ல அண்ணன்."

பெயர், ஊர், வந்த நேரம் எழுதினேன். கடைசி நிரலில் ‘யாரைச் சந்திக்க’ என்றிருந்தது. எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு சேரின் பெயரை எழுதியிருந்தார்கள்.

மூன்றாம் வருட மாணவர்களை, என்று எழுதிவிட்டு உள்ளே போனேன்.