ஒன்பது ஓட்டு வாங்கிய என் வீட்டுக்காரர்

ஏப்ரல் 4, செவ்வாய்
காலையிலிருந்து பனியும் மழையுமாகக் கொட்டல். தீயணைப்பு நிலையத்துக்குப் போய் ஓட்டுப் போட்டேன். பள்ளி வாரியத்தில் ஓர் இடம் காலி, நிற்க ஆளில்லை. சீட்டில் நமக்குப் பிடித்தவர் பேரை நாமே எழுத வெறும் கோடு மட்டும். எல்டன் ஸ்ட்ரூப் என்று எழுதினேன், என் வீட்டுக்காரர் பேரை. பால் லாரி ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல், பாத்திரம் எப்படிக் கழுவ வேண்டும் என்று எனக்கே பாடம் எடுக்கிறார். எங்கேயாவது போய் உட்காரட்டுமே.

ஏப்ரல் 6
ஜெயித்துவிட்டார்! ஒன்பது ஓட்டு. இரண்டாவதாக வந்தது யாரோ வளர்க்கும் நாய். தேர்தல் அலுவலகத்திலிருந்து பேசியவரை மோசடிக்காரன் என்று நினைத்து இரண்டு முறை போனை வைத்துவிட்டார். "எவன்டி என் பேரை எழுதினது?" என்று கத்தல். நான் குனிந்தபடி உருளைக்கிழங்கு சீவினேன். மீதி எட்டு யார்? அவருடைய சீட்டாட்டக் கூட்டம்தான்.

ஏப்ரல் 25
பதவிப் பிரமாணம் ஆயிற்று. விஸ்கான்சினில் பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்றுதான் மாநிலம் பணம் தருகிறது. எங்கள் சின்னப் பள்ளியில் அறுபத்தொரு பிள்ளைகள், அது போதாதாம். மூடிவிட்டு, பிள்ளைகளை ரென்ஃபீல்டு ஊர்ப் பள்ளிக்குப் பஸ்ஸில் அனுப்புவதென்று டிசம்பரிலேயே முடிவாகிவிட்டது. வாரியத்தில் ஏழு பேர்; முடிவை மாற்ற நாலு கை வேண்டும், மூன்றுதான் இருக்கிறது. நாலாவது இவர் கை.
பத்தொன்பது வருஷமாக அந்தப் பள்ளியில் சமைக்கிறேன். அது போனால் இந்த ஊரில் என்ன மிஞ்சும்? ஒரு பெட்ரோல் பங்க், இரண்டு சர்ச்.

மே 9
மூன்று நாளாக விடியற்காலையில் கிளம்பி, பஸ் நிற்கப்போகும் இடமெல்லாம் நின்று நின்று ரென்ஃபீல்டு வரை வண்டியோட்டுகிறார். காய்ந்த ரோட்டில் நாற்பத்தெட்டு நிமிஷம். மூடவா வேண்டாமா, எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, "சமையக்காரிகிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும்" என்றார். கொழுப்பு.

மே 11
வாரியத்தின் வக்கீல் சொல்லிவிட்டார்: மனைவி அங்கே சம்பளம் வாங்குவதால் இந்த விஷயத்தில் இவர் கை தூக்கக் கூடாதாம்.
எனக்கு இது தோன்றவே இல்லையே. நானே எழுதி நானே கெடுத்தேனா?

மே 14, ஞாயிறு
வேலையை விடுகிறேன் என்றேன். மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது.
"நான் மூடணும்னு கை தூக்கினா என்னடி பண்ணுவ?"
"தூக்குங்க. அப்புறம் உங்க சாப்பாட்டை நீங்களே பண்ணிக்குங்க."
சிரிக்கவில்லை. பேர் எழுதியது நான்தான் என்று அப்போதுதான் சொன்னேன்.
"தெரியும். அன்னைக்குத் தோலோட பாதிக் கிழங்கையும்ல சீவித் தள்ளின."
கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. எந்தப் பக்கம் என்று இன்னமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 15
கடிதம் கொடுத்துவிட்டேன். சாமான் அறையில் நின்று நன்றாக அழுதேன்.

மே 22
நாலுக்கு மூன்று. பள்ளி இருக்கும்.
ஒரே ஒரு வரிதான் பேசினாராம்: "அஞ்சு வயசுப் புள்ள நாப்பத்தெட்டு நிமிஷம் ஒண்ணுக்கை அடக்காது." முப்பத்தாறு வருஷத்தில் இன்றைக்குப்போல் இவர்மேல் ஆசை வந்ததில்லை.

செப்டம்பர் 5
பள்ளி திறந்தாயிற்று. மணிச் சத்தம் வீடுவரை கேட்டது. சமையலறையில் இப்போது யாரோ ஒரு சின்னப் பெண்ணாம், கெட்டிக்காரியாம். நல்லது.
மத்தியானம் கோழி நூடுல்ஸ் சூப் வைத்தேன். இறக்கும்போதுதான் பார்த்தேன்: பெரிய அண்டா நிறைய. இரண்டு பேருக்கு அளவு போட இந்தக் கைக்குத் தெரியவில்லை.
எல்டன் அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உட்கார்ந்து நாலு கிண்ணம் குடித்தார்.