கைதட்டக் கூடாத கச்சேரி

லெப்ரிஹா, ஸ்பெயின்,
நவம்பர் 14

அன்புள்ள பேத்தி ரெயெஸுக்கு, பாட்டி சலூத் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அங்கே ஜெர்மனியில், கொலோன் குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். ஒலிவக் காய் பறிப்பு தொடங்கிவிட்டது. என் முழங்கால் வலி அப்படியேதான். பத்திரிகையில் வந்த உன் படத்தை ரொட்டிக்கடை என்கார்னா கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். நான் ஒட்டச் சொல்லவில்லை. கொண்டுபோய்க் காட்டினேன், அவ்வளவுதான்.

செவில் கச்சேரிக்கு நீ அனுப்பிய டிக்கெட்டுகள் வந்தன. கூடவே நீ எழுதியிருந்ததையும் படித்தேன். வானொலிக்காரர்கள் பதிவு செய்கிறார்கள், அதனால் கூரோ தாத்தாவைக் கூட்டி வர வேண்டாம் என்கிறாய். என் தம்பி கூரோவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

கோடையில் நம் கோயில் முற்றத்தில் நடந்தது எனக்கும் மறக்கவில்லை. நம் கல்யாணங்களில் கைதட்டிப் பாடுகிற புலேரியா மெட்டு வரும் அந்தப் பாட்டை நீ பியானோவில் எடுத்ததும் அவன் கைதட்ட ஆரம்பித்தான். "அப்படிப் போடு, என் தங்கம்" என்று கத்தினான். பின் வரிசைகளும் சேர்ந்துகொண்டன. நீ விரல்களை எடுத்துவிட்டு, சத்தம் அடங்கும் வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு முதலிலிருந்து வாசித்தாய். ஒருவரும் கைதட்டவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "அக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்? பாப்பா நல்லாத்தானே வாசிச்சா" என்று கேட்டான். நல்ல வாசிப்பைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது வாசிப்பவரை அவமதிப்பது என்றே நாங்கள் வளர்ந்தோம். அந்தப் பாட்டை எழுதியவரும் கல்யாண வீடுகளில் கேட்டுத்தான் எழுதினார் என்று நீயே சொன்னாய். அங்கே கைதட்டு இல்லாமலா பாடியிருப்பார்கள்?

ஆனால் உன் பக்கமும் புரிகிறது. கவனம் கலைந்தால் விரல் தவறும். பதிவில் அவன் குரல் விழுந்தால் உன் பெயர்தான் கெடும். இத்தனை வருடம் உழைத்தது நீ.

அவனோ புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டான். "கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உக்காந்துடுறேன், போதுமா?" என்கிறான். போன ஞாயிறு சோதித்துப் பார்த்தேன். கொண்டைக்கடலைக் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, நீ கொடுத்த சிடியைப் போட்டேன். கை அசையவில்லை, குதிகால் தரையில் தட்டியது. துணிச்செருப்பு மாட்டிவிட்டேன். அப்புறம் நாற்காலி கிரீச்சிட்டது. "நாற்காலி உன்னுது, என்னைத் திட்டாத" என்றான். மறுபடி போட்டேன். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு கல் மாதிரி இருந்தான். பாட்டு முடிந்ததும் பார்க்கிறேன், முதுகில் சட்டை வியர்த்து ஒட்டியிருந்தது. குழம்பும் அடிப்பிடித்துவிட்டது.

வர வேண்டாம் என்று என் வாயால் அவனிடம் சொல்ல முடியாது. சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் நீயே ஃபோனில் கூப்பிட்டுச் சொல். அப்படியானால் நானும் அவனோடு வீட்டிலேயே இருந்துவிடுகிறேன். இல்லையென்றால் கடைசி வரிசையில் கதவோரம் இரண்டு இடம் போதும்.

கடவுள் உன் விரல்களைக் காக்கட்டும். அன்றைக்கு நீ வாசிக்கும்போது எங்கள் பக்கமிருந்து ஒரு சத்தமும் வராது. பிடிக்கவில்லையோ என்று மட்டும் நினைத்துவிடாதே, கண்ணே.

உன் பாட்டி,
சலூத்