தட்டு மாற்றும் முன் ஒரு டெஸ்ட்

நவ. 10, திங்கள்

விடாத மழை. கடலூரில் படகு எதுவும் இறங்கவில்லை. மாமாவுக்கு (வீட்டுக்காரர்) வேலை இல்லாததால் மகள் இனியாவைத் தூக்கிக்கொண்டு இருவருமாகச் சிதம்பரம் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் ஒரே ஒழுகல். மூன்று பேருக்கும் எடுத்த மரபணு டெஸ்ட் ரிசல்ட் வந்துவிட்டது. பிள்ளைக்குக் காது கேட்காததற்குக் காரணம் எங்கள் இரண்டு பேரிடமும் இருக்கிறதாம். எங்களுக்கு நன்றாகக் கேட்கிறதே?

டாக்டரம்மா: "உங்க ஒவ்வொருத்தர் கிட்டயும் பாதிதான் இருக்கு, அதனால உங்களுக்குக் கேக்குது. ரெண்டு பாதியும் ஒரே புள்ளைக்குப் போனா கேக்காது. நாலுல ஒரு வாய்ப்பு."

மாமா என் அத்தை மகன். அப்பா வழியாக எனக்கு, அத்தை வழியாக அவருக்கு. மூலம் ஒன்றே, தாத்தா பாட்டி. புரிந்த மாதிரியும் இருக்கிறது, புரியாத மாதிரியும்.

நவ. 12, புதன்

தூறல். வாங்க வேண்டியது: வெற்றிலை, கதம்பம், இனியா காது மிஷினுக்கு பேட்டரி. வெள்ளிக்கிழமை என் தங்கை கவிதாவுக்கும் மாமாவின் தம்பிக்கும் தட்டு மாற்றுகிறோம். அவர்களுக்கும் இதே கதி வந்தால்? பயந்து அத்தையிடம் சொன்னேன்.

"நாலுல ஒண்ணுன்னுதான சொன்னாங்க? அந்த ஒண்ணு இனியாவோட போச்சு. இனிமே என்னாத்துக்கு பயப்புடுற?"

அட, ஆமாம். மனசு லேசாகிவிட்டது. இருந்தாலும் டாக்டரம்மாவுக்கு போன். அப்படி இல்லையாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகச் சீட்டு குலுக்குவது போலாம், முன்னால் விழுந்தது கணக்கில் வராதாம். கவிதாவிடம் அந்தப் பாதி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தும் அவளுக்குச் சுருட்டை முடி, எனக்குக் கோரை முடி. அது மாதிரியாம். டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும். தலை சுற்றுகிறது. சாம்பாரில் உப்பு போட்டேனா என்பதுகூட நினைவில்லை.

நவ. 14, வெள்ளி

வெயில். புடவை கட்டும்போதே அழுகை. யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. தட்டைக் கையில் எடுத்த நேரத்தில் சொல்லிவிட்டேன்.

"ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்துட்டு மாத்திக்கலாம் அத்தை."

கவிதா தலை குனிந்துகொண்டாள். அத்தை இனியாவைத் தூக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அப்ப இவ பொறந்ததே தப்புங்குறியா?"

இல்லை. சத்தியமாக இல்லை. இவள் என் உயிர். ஆனால் டெஸ்டும் வேண்டும். இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்வது? எல்லாரும் காத்திருந்தார்கள். இனியா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.